அரியணை ஏறினார், அப்புறம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் உலக அரசிகளைப் பற்றி வரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். கிளியோபாட்ரா, விக்டோரியா என்று கேட்டுச் சலித்த பெயர்களையே திரும்பச் சொல்லாமல், நம் பள்ளிப் பாடத்தில் இடம் கிடைக்காதவர்களாகத் தேடிப் பிடித்து எழுதுகிறீர்கள். அதற்கு நன்றி. நன்றியோடு ஒரு சண்டையும் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தலையிலோ வாலிலோ வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் கை வைக்காதீர்கள். என் சண்டையே நடுப்பகுதியைப் பற்றியதுதான்.

எகிப்தை ஆண்ட ஷஜர் அல்-துர் பற்றி எழுதிய வாரத்தை எடுத்துப் பாருங்கள். அடிமையாக வாங்கப்பட்ட பெண் சுல்தானின் மனத்தைக் கவர்ந்த கதைக்குப் பாதிப் பக்கம். இரண்டாம் கணவரைக் குளியலறையில் வைத்துக் கொல்லச் செய்தது, பிறகு மரக்கட்டைச் செருப்பாலேயே ஷஜரை மற்றவர்கள் அடித்துக் கொன்றது, அதற்கு மீதிப் பக்கம், போதாக்குறைக்குப் படம் வேறு. இரண்டுக்கும் நடுவில் அவர் ஆண்டதற்கு ஒரே வரி: சிறிது காலம் ஆட்சி புரிந்தார். டெல்லியை ஆண்ட ரஸியா வாரத்திலும் அப்படித்தான். யாக்கூத் என்ற குதிரைலாய அதிகாரியோடு காதலா இல்லையா என்ற ஆராய்ச்சியிலேயே பக்கம் தீர்ந்துபோனது.

நான் வட ஆற்காடு மாவட்டம் பிரியாமல் இருந்த காலத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, துணை வட்டார வளர்ச்சி அலுவலராக ஓய்வு பெற்றவள். மாவட்டம் பிரிந்ததையும் பெயர் மாறியதையும் பார்த்தேன். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று அது மூன்றானதையும் பார்த்தாயிற்று. ஒருவர் ஆண்டார் என்று சொன்னால் என் புத்தி முதலில் போவது வரிக்கும் தண்ணீருக்கும் மனுவுக்கும்தான். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்கத் தோன்றும். தொழில் புத்தி, ஓய்வு பெற்றாலும் போகாது. அந்தப் புத்தியோடு படித்தால் உங்கள் அரசிகள் வேறு மாதிரித் தெரிகிறார்கள்.

ஷஜர் அல்-துர் கதையையே நடுவிலிருந்து சொல்கிறேன். 1249-இல் பிரான்சின் ஒன்பதாம் லூயி சிலுவைப் படையோடு வந்து நைல் முகத்துவாரத்தில் டாமியெட்டா நகரத்தைப் பிடித்துவிட்டான். எதிர்த்து நிற்க வேண்டிய சுல்தான் அஸ்-ஸாலிஹ் அய்யூப், மன்ஸூரா பாசறையில் நோயில் கிடந்து நவம்பரில் இறந்துபோனார். வாரிசு தூரான்ஷா எங்கோ வடக்கே, இன்றைய துருக்கிப் பக்கம் இருக்கிறார். சுல்தான் இறந்த சேதி வெளியே கசிந்தால் படை கலைந்துவிடும். ஷஜர் அல்-துர் என்ன செய்தார்? தளபதி ஃபக்ருத்தீனையும் அரண்மனைப் பொறுப்பாளர் ஒருவரையும் மட்டும் கூட வைத்துக்கொண்டு சாவையே மறைத்தார். உடல் ரகசியமாகப் படகில் கெய்ரோ பக்கம் போய்ச் சேர்ந்தது. சுல்தானின் கூடாரத்துக்குச் சாப்பாடு வேளா வேளைக்கு உள்ளே போனது. ஆணைகள் சுல்தானின் கையெழுத்தோடு வெளியே வந்தன. வைத்தியர்கள் யாரையும் பார்க்க விடவில்லை என்பது பதில்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் கனம் தெரியும். மேலதிகாரி ஒரு வாரம் விடுப்பில் போனால் ஒரு கோப்பை நகர்த்துவது எவ்வளவு பெரிய பாடு! இங்கே எதிரிப் படை ஆற்றுக்கு அந்தக் கரையில் நிற்கிறது, மேலதிகாரி உயிரோடு இல்லை, சம்பளம் நிற்கக் கூடாது, தீனி நிற்கக் கூடாது. தூரான்ஷா வந்து சேரும் வரை மாதக் கணக்கில் அந்த நிர்வாகம் ஓடியது. 1250 பிப்ரவரியில் மன்ஸூரா தெருக்களுக்குள் பாய்ந்த லூயியின் தம்பி ராபர்ட் கொல்லப்பட்டான். தளபதி ஃபக்ருத்தீனும் அந்தச் சண்டையில் செத்தார். ஏப்ரலில் லூயியே பிடிபட்டான். மே மாதம் தூரான்ஷாவை மம்லூக்குகள், அதாவது அடிமைகளாக வாங்கிப் படையில் வளர்த்த வீரர்கள், வெட்டிப் போட்டுவிட்டு, இவரை சுல்தானாக அறிவித்தார்கள். டாமியெட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெருந்தொகை பணயமும் பேசி, பிரான்ஸ் அரசனை விடுவித்தது இவர் பெயரில் நடந்த அரசு. நாணயத்தில் இவர் பட்டம், வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் இவர் பெயர். ஆணைகளில் கையெழுத்து மட்டும் 'கலீலின் தாய்' என்று. கலீல் சின்ன வயதிலேயே இறந்துபோன மகன்.

பாக்தாத் கலீஃபா, உங்கள் நாட்டில் ஆண்களே இல்லையென்றால் சொல்லுங்கள், இங்கிருந்து ஒருவரை அனுப்புகிறோம் என்று ஏளனமாக எழுதினார் என்பார்கள். சுமார் 80 நாளில் பதவியை விட்டு, அய்பக் என்ற தளபதியை மணந்து, அவரை முன்னால் நிறுத்தினார். ஆனால் ஷஜரோடு தொடங்கிய மம்லூக் அரசு 1517 வரை நின்றது. இதில் எழுத எவ்வளவு இருக்கிறது! செருப்படிக்குக் கொடுத்த இடத்தில் பாதியை இதற்குக் கொடுத்திருக்கலாம்.

ரஸியாவுக்கு வருகிறேன். அப்பா இல்துத்மிஷ் குவாலியர் மேல் படை எடுத்துப் போனபோது டெல்லி நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது இந்த மகள். அந்த வேலையைப் பார்த்துத்தான் ஆண் பிள்ளைகள் இருந்தும் இவரை வாரிசாகச் சொன்னார் அவர். 1236 முதல் 1240 வரை ஆட்சி. அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், அரசருக்கு வேண்டிய எல்லாக் குணங்களும் அவரிடம் இருந்தன என்று வரிசையாக எழுதிவிட்டு, ஆனால் ஆணாகப் பிறக்கவில்லையே, இவற்றால் என்ன பயன் என்று முடித்தார். அவராவது குணங்களைப் பட்டியல் போட்டார். நாம் யாக்கூத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எகிப்தின் ஹட்ஷெப்சுட் சுமார் 3,500 வருஷத்துக்கு முன்னால் இருபது வருஷம் போல ஆண்டவர். புண்ட் நாட்டுக்குக் கப்பல் அனுப்பி, வாசனைப் பிசின் தரும் மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவரச் செய்தார். டெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் அதைச் செதுக்கியும் வைத்தார். அவர் இறந்து கொஞ்ச காலம் கழித்து அவர் பெயரைச் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்தார்கள், அரசர் பட்டியல்களிலும் சேர்க்கவில்லை. உடைத்துப் புதைத்த சிலைகளை 1920-களில்தான் தோண்டி எடுத்து ஒட்ட வைத்தார்கள். அங்கே அழிக்க உளி வேண்டியிருந்தது. நமக்கு ஒரு காதல் கதையே போதுமானதாக இருக்கிறது.

எங்கள் பக்கத்திலேயே பாருங்கள். ஆற்காட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால் ராணிப்பேட்டை. எந்த ராணி? செஞ்சி தேசிங்குராஜன் 1714-இல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி உயிரை விட்டான். அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். அதைக் கேட்டு உருகிய நவாபே அவள் நினைவாகப் பேட்டை ஒன்றை உண்டாக்கினார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. தோல் தொழிற்சாலைக்குப் பேர்போன அந்த ஊர் இப்போது மாவட்டத் தலைநகர். அந்தச் சின்னப் பெண்ணை நான் குறைத்துப் பேசவில்லை, அவளுக்கு வேறு வழி இருந்ததா என்பதே சந்தேகம். ஆனால் ஒரு நாள்கூட ஆளாமல் தீயில் இறங்கியவளுக்கு ஒரு மாவட்டம் இருக்கிறது. ஆண்ட அரசி எவர் பெயரிலும் வட ஆற்காட்டில் ஒரு மாவட்டம் இல்லை.

வேலூர்க் கோட்டைக் கதையும் இதே கதைதான். 1806 ஜூலை 10 புரட்சியை ஒவ்வொரு வருஷமும் மக்கான் அருகே நினைவுத்தூணில் மலர் வைத்து நினைக்கிறோம். திப்புவின் மகள் கல்யாணத்தைச் சாக்காக வைத்துத்தான் கோட்டைக்குள் ஆட்கள் திரண்டார்கள் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். மணப்பெண்ணின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், யாருக்கும் வாய் வராது.

சரி, அரசிகளுக்குத் திரும்புவோம். சீனாவில் 'பேரரசர்' என்றே பட்டம் சூட்டிக்கொண்ட ஒரே பெண் வூ ஸெடியன். 690 முதல் 705 வரை. உங்கள் தொடரில் இன்னும் வரவில்லை, வரும்போது அந்தப்புரச் சூழ்ச்சியைத்தான் எழுதப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது, அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். 686-இல், பட்டம் சூட்டுவதற்கு நான்கு வருஷம் முன்பே, நான்கு அறைகள் வைத்த ஒரு வெண்கலப் பெட்டியை வைக்கச் செய்தார். அநியாயம் நடந்தது என்று சொல்ல ஓர் அறை, அரசைக் குறை சொல்ல ஓர் அறை, வேலைக்குத் தன்னைத் தகுதியானவன் என்று எழுதிப் போடவும் ஓர் அறை உண்டு. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடக்கிறதே, அதன் பாட்டி போல. கூட்டத்தில் மனு வாங்கி, எண் போட்டு, துறைக்கு அனுப்பி, நினைவூட்டு அனுப்பி ஓய்ந்தவள் என்பதால் இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. அதே பெட்டி கோள் சொல்பவர்களுக்கும் வசதியாகிப் போனது, ரகசிய விசாரணையில் பல குடும்பங்கள் அழிந்தன. அதையும் எழுதுங்கள். தேர்வெழுதி உத்தியோகத்துக்கு வருகிறவர்களுக்கு வழியை அகலமாக்கியதையும் எழுதுங்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தாய் இறந்தாலும் தகப்பனுக்குப் போலவே மூன்று வருஷம் துக்கம் காக்க வேண்டும் என்று 674-இல் யோசனை வைத்தார். அது என்ன அந்தப்புரச் சூழ்ச்சி?

அடுத்தது என்சிங்கா. ஆப்பிரிக்காவில் இன்றைய அங்கோலா. 1622-இல் அரசரான சகோதரரின் தூதராக லுவாண்டாவில் போர்ச்சுகீசிய ஆளுநரைப் பார்க்கப் போகிறார். ஆளுநருக்கு நாற்காலி, இவருக்குத் தரையில் விரிப்பு. இவர் கண்ணால் ஜாடை காட்ட, கூட வந்த பணிப்பெண் கையும் காலும் ஊன்றிக் குனிய, அவள் முதுகில் உட்கார்ந்து சரிசமமாகப் பேசி முடித்தார். இந்தப் படத்தை என் பேத்தியின் செல்போனில்கூடப் பார்த்துவிட்டேன். கெட்டிக்காரத்தனம்தான், அந்தப் பணிப்பெண்ணின் முதுகை நினைத்தால் எனக்கு முழுசாகக் கைதட்ட மனசு வரவில்லை. படம் அங்கே நின்றுவிடுகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த நாற்பது வருஷத்தை யார் எழுதுவது?

1624-இல் ஆட்சிக்கு வந்தார். போர்ச்சுகீசியர் துரத்தியதில் சொந்த நாடான எண்டோங்கோவை இழந்தார். கிழக்கே மட்டாம்பா என்ற நாட்டைப் பிடித்து அங்கே வேர் விட்டார். 1641-இல் டச்சுக்காரர்கள் லுவாண்டாவைக் கைப்பற்றியதும் அவர்களோடு கை கோத்தார். டச்சுக்காரர்கள் போன பின்னும் சளைக்கவில்லை. 1656-இல் போர்ச்சுகலோடு உடன்படிக்கை செய்து, சிறையில் கிடந்த தங்கையை மீட்டார். 1663-இல் எண்பது வயதை ஒட்டி, அரசியாகவே இறந்தார். போரில் பிடித்தவர்களை அடிமையாக விற்றதும் அதே கணக்கில் இருக்கிறது. நாற்காலிக் காட்சி அழகு, ஆனால் அது ஒரு பகல் பொழுது. மீதி நாற்பது வருஷம் பேச்சுவார்த்தையும் படை நடத்தலும் ஊர் ஊராக நகர்ந்து மக்களைக் காப்பாற்றியதும்.

நாற்காலி என்றதும் எனக்கு நினைவு வருவது வேறொன்று. பேர் சொல்லாமல் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மலையடிவாரத்தில் ஓர் ஊராட்சி, பெண்களுக்கு ஒதுக்கிய இடம். பீடி சுற்றிப் பிழைத்த ஒரு பெண் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்கு ஆய்வுக்குப் போனால் தலைவர் நாற்காலியில் அவர் கணவர் இருப்பார். தலைவர் வாசல் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில், மடியில் பீடித்தட்டோடு இருப்பார். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காசோலைப் புத்தகம் கணவரின் மஞ்சள் பையில் இருக்கும். முன்னாலேயே எல்லாத் தாளிலும் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார். தீர்மானப் புத்தகமும் அப்படியே. நாங்கள் அலுவலர்களும் பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தோம், 'தலைவர் வந்திருக்கார்' என்று அந்த ஆளைத்தான் சொல்வோம்.

ஒரு கோடையில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனது. காலிக் குடத்தோடு வந்த பெண்கள் கணவரிடம் போகவில்லை, நேராக அந்த அம்மா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர் பேர்தானே சுவரில் எழுதியிருக்கிறது! அதற்குப் பிறகுதான் அவர் செலவுச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டித் தடுமாற்றம் இல்லாமல் படிப்பார். ஒரே மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் காயில் கட்டிய செலவு எழுதியிருந்தது. அவர் சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: காயில் மாற்றினால் எரிந்த செம்புக் கம்பி மிஞ்சுமே, அது எங்கே? காயிலாங்கடையில் செம்புக்கு என்ன விலை என்று பீடி சுற்றுகிறவளுக்குத் தெரியாதா? எரிந்த கம்பியை எடை போட்டுக் கொண்டுவந்து வைத்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார். காந்தி ஜெயந்தி கிராமசபையில் அந்தச் சீட்டுகளை மைக்கில் படித்தார். அடுத்த முறை நான் ஆய்வுக்குப் போனபோது அவர் நாற்காலியில் இருந்தார், பீடித்தட்டு மேசை மேல் இருந்தது. கணவர் வெளியே டீக்கடையில்.

அந்த ஊரில் பின்னால் ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டித் திறந்தார்கள். மறுநாள் ஒரு நாளிதழில் படம் வந்தது. படத்தின் கீழே கணவரின் பெயர், 'மற்றும் அவரது மனைவி'.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்க்கோ போலோவும் அதே வேலையைச் செய்திருக்கிறார். வாரங்கலை 1262 முதல் 1289 வரை ஆண்ட காகதீய ருத்ரமாதேவியின் நாட்டைப் பற்றி எழுதும்போது, நீதி தவறாத அரசி என்று புகழ்ந்துவிட்டு, இறந்த அரசனின் விதவை என்று குறித்தார். ருத்ரமா விதவையாக வந்து உட்காரவில்லை, ஆண் வாரிசு இல்லாத கணபதிதேவரின் மகளாகப் பட்டத்துக்கு வந்தவர். கல்வெட்டுகளில் ருத்ரதேவ மகாராஜா என்று ஆண் பெயரிலேயே வருவார். தேவகிரி யாதவர்களை விரட்டியதும் வாரங்கல் கோட்டையைப் பலப்படுத்தியதும் அவர் காலத்தில். 1289-இல் அவர் இறந்ததே, நல்கொண்டா பக்கம் சந்துபட்லா என்ற ஊரின் கல்வெட்டு கிடைத்த பிறகுதான் உறுதியாயிற்று.

பேர் ஒருவருக்கு, நாற்காலி இன்னொருவருக்கு என்ற கதைக்கும் வரலாற்றில் பெரிய உதாரணம் உண்டு. ரஷ்யாவின் முதலாம் கேத்தரின். ஏழைக் குடியில் பிறந்து, வேலைக்காரியாக இருந்து, மகா பீட்டரின் மனைவியாகி, 1725-இல் பேரரசி ஆனவர். எழுதப் படிக்கத் தெரியாது. நிஜ அதிகாரம் மென்ஷிகோவ் என்ற பிரபுவின் கையிலும் அவரும் அவர் கூட்டாளிகளும் இருந்த உயர் ஆலோசனைக் குழுவின் கையிலும் இருந்தது. 1727-இல் இறந்தும் போனார். இவரை வேலைக்காரி பேரரசியான அதிசயம் என்று எழுதாமல் இருக்க முடியாது, எழுதுங்கள். ஆனால் ஆண்டது யார் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அரியணையில் இருந்த பெண்ணெல்லாம் ஆண்டார் என்று சொன்னால், நிஜமாக ஆண்டவருக்குத்தான் அது துரோகம்.

நம் ராணி மங்கம்மாளைப் பற்றி இடது கையால் வெற்றிலை வாங்கிப் போட்ட கதையும், கடைசியில் சிறையில் பட்டினி கிடந்த கதையும்தான் ஊரெல்லாம் தெரியும். 1689-இலிருந்து பேரனுக்காகப் பதினாறு, பதினேழு வருஷம் மதுரை நாட்டை நடத்தியவர். தெற்கே இன்றும் மங்கம்மாள் சாலை என்று சொல்லும் சாலைகள் இருக்கின்றன, சத்திரம் இருக்கிறது. சாலை போட்டால் அதைப் பராமரிக்க ஆள், நிழலுக்கு மரம், தண்ணீர்ப் பந்தலுக்கு மானியம் என்று எத்தனை ஏற்பாடு! வேலு நாச்சியாருக்கும் அப்படியே. ஹைதர் அலியிடம் உதவி கேட்டதும் 1780-இல் சிவகங்கையை மீட்டதும் மேடைக்கு மேடை கேட்கிறோம். மீட்டபின் பத்து வருஷம் போல அந்தச் சீமையை நடத்தினாரே, அது எந்த மேடையிலும் இல்லை.

அரசி என்றால் கிரீடம் வேண்டும் என்றில்லையே. இந்தத் தொடரில் நீங்கள் இன்னும் தொடாத ஒருவர் நமக்கு மிகப் பக்கத்தில் இருந்தார். 1960 ஜூலை 21-இல் உலகின் முதல் பெண் பிரதமரான இலங்கையின் சிறிமாவோ பண்டாரநாயக்க. பொது அறிவுக் கேள்வியில் ஒரு மதிப்பெண், அதற்கு மேல் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. கணவர் சுட்டுக் கொல்லப்பட்டதால் அரசியலுக்கு வந்த விதவை என்று ஒரு வரி எழுதி விட்டுவிடாதீர்கள். அவர் போட்ட கையெழுத்துகளைப் பாருங்கள். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். நீ எங்கே போக விரும்புகிறாய் என்று அந்தக் கூலிக்காரர்களை யாரும் கேட்டு எழுதிய ஒப்பந்தம் இல்லை அது. மிச்சம் வைத்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தபோது இந்தியப் பக்கம் கையெழுத்து இந்திரா காந்தியுடையது. அதே வருஷம் ஜூனில் கச்சத்தீவு ஒப்பந்தம், அதிலும் இருபக்கமும் பெண் பிரதமர்கள்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் தாயகம் திரும்பியோர் என்று முத்திரை குத்திய மனுக்கள் எங்கள் மேசைக்கும் வரும். கடன் கேட்டு, பட்டா கேட்டு, வீடு கேட்டு. பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்று இருக்கும். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்கள், பாலாற்று வெயிலில் பழக்கமில்லாமல் தவித்தவர்கள். அந்தத் தாய்மார்களில் யாருக்காவது உலகின் முதல் பெண் பிரதமர் என்று பெருமைப்படத் தோன்றியிருக்குமா? பெண் என்பதற்காகத் தட்டிக் கொடுக்க வேண்டாம். ஆண் பிரதமரிடம் கேட்கும் அத்தனை கணக்கையும் கேட்டு எழுதுங்கள். அதுதான் மரியாதை.

போகிற போக்கில் இன்னொரு பெயரும். ரஷ்யாவுக்கும் மங்கோலியாவுக்கும் நடுவில் துவா என்று ஒரு சின்ன நாடு இருந்தது. அங்கே மேய்ச்சல்காரக் குடும்பத்தில் 1912-இல் பிறந்த கெர்தெக் அன்சிமா-தோகா 1940-இல் நாட்டின் தலைவரானார். அரச குடும்பத்தில் பிறக்காமல் நாட்டுத் தலைவரான முதல் பெண் என்று இவரைச் சொல்வார்கள். தொடக்கத்தில் ஊர் ஊராகப் போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். 1944-இல் துவா சோவியத் யூனியனோடு சேர்ந்தது. அவர் 2008 வரை உயிரோடு இருந்தார். நம் அறிவொளி இயக்கத்தில் வேலை பார்த்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

இனி என் வேண்டுகோள்கள். தொடரில் ஒவ்வொருவருக்கும் எப்படி வந்தார் என்பதைக் கால் பக்கத்தில் முடியுங்கள், எப்படி இறந்தார் என்பதற்கு இரண்டு வரி போதும். ஷஜர் அல்-துர்ருக்குப் போட்ட கற்பனை ஓவியத்துக்குப் பதிலாக அவர் அடித்த நாணயத்தின் படத்தைப் போடுங்கள், லண்டன் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது.

இன்னொன்று உங்கள் வேலூர் பதிப்பு நிருபர்களுக்கு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஊராட்சிகளில் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்து பதவிக்கு வந்தவர்களுக்கு 2026-இல் ஐந்து வருஷம் நிறைகிறது. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். தேர்தல் நேரத்தில் வேட்பாளர் படத்தோடு பேட்டி எடுப்பது எப்போதும் நடப்பதுதான். அதற்கு முன்னால் ஒன்றியத்துக்கு நான்கு ஊராட்சி என்று எடுத்துக்கொண்டு, பெண் தலைவர் இருக்கும் இடத்தில் தீர்மானப் புத்தகத்தையும் செலவுச் சீட்டையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு வரி எவ்வளவு வசூலானது, எத்தனை வீட்டுக்குக் குழாய் போனது, கிராமசபையில் எந்தத் தீர்மானம் யார் கொண்டுவந்தது, எதை அவர் எதிர்த்தார், கையெழுத்துப் போட எங்கே மறுத்தார். கணவர் நாற்காலியில் இருந்தால் அதையும் அப்படியே எழுதட்டும். புத்தகத்தைக் காட்ட மாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி மனுப் போடலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் நான் எழுதித் தருகிறேன், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டார வளர்ச்சி அலுவலர்,
குடியாத்தம்.

(பெயரை வெளியிட வேண்டாம். அந்த மஞ்சள் பைக்காரர் இன்னும் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறார்.)